ஆறாம் பகுதியில் ஒன்று

ஐந்தாம் பகுதி வர இன்னும் இரண்டு பகுதிகள் இருந்தன, மூன்றும் நான்கும், ஒவ்வொன்றும் நூறு மீட்டர், இந்த நடையில் போனால் ஒன்றுக்கு எட்டு நிமிடம், ஆகப் பதினாறு நிமிடம், பதினாறு நிமிடத்துக்குள் மழை வரலாம், மழை வந்தால் எண்ணிக்கையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது விதி. நாகலிங்கம் அண்ணாந்து பார்த்தார். துடைத்துவிட்ட மாதிரி வானம். சிங்கப்பூரில் டிசம்பர் என்றால் கொட்ட வேண்டும், வியாழக்கிழமை கொட்டியது, வெள்ளிக்கிழமை கொட்டியது, நேற்றும் இன்றும் பார்த்து வெயில் காய்கிறது, பட்டாம்பூச்சி எண்ணுவதற்கென்றே காய்கிற வெயில். "இடது பக்கம் மஞ்சப்பொடி, மூணு," என்றார். இரண்டடி பின்னால் வந்த பிலோமினா சிஸ்டர் அட்டையில் மூன்று கோடு கிழித்தார், பென்சில் சத்தம் கேட்டது. சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரீ இல்லை, முப்பத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் நர்ஸாக இருந்தவர், ஓய்வு பெற்ற பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பூசையை முடித்துக்கொண்டு மோனோரயில் ஏறி இந்தத் தீவுக்கு வந்துவிடுகிறார், அவருக்குக் கண் அவ்வளவு கூர்மையில்லை, கை சுத்தம். நாகலிங்கத்துக்குக் கண், அவருக்குக் கை. மஞ்சப்பொடி என்று இவர் வைத்த பெயருக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று சிஸ்டர் அட்டையின் பின்பக்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தார், எலுமிச்சங்காரி, தாளக்காரி, புலியாட்டக்காரன், எல்லாம் இவர் வைத்தவை, எண்ணுகிறவர்கள் கூட்டத்தில், இந்தக் கணக்கை நடத்துகிற டாக்டர் லிம் அந்தப் பட்டியலை எல்லோருக்கும் படித்துக் காட்டி, அங்கிள் கண்ணுக்கு முன்னால் நம்ம படிப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று சொன்னார், முப்பது பேர் கை தட்டினார்கள். அதை நினைக்கக் கூடாது. முன்னால் ஐந்து மீட்டர், பக்கத்துக்கு இரண்டரை மீட்டர், தலைக்கு மேல் ஐந்து மீட்டர், அந்தக் கண்ணுக்குத் தெரியாத பெட்டிக்குள் பறப்பதை மட்டும் பார்க்க வேண்டும், பெட்டிக்கு வெளியே ஆயிரம் பறந்தாலும் கணக்கில்லை. பெட்டி அவரோடு நடக்கும். நிற்கக் கூடாது, திரும்பிப் போகக் கூடாது, ஒரே வேகம். இடது பக்கம் ஓட்டலின் கம்பிவேலி, வலது பக்கம் சரிவில் யாரும் இறங்காமலிருக்கக் கட்டிய கயிறு, நடுவில் பாதை. வேறு வழி கிடையாது.

காலையில் மூன்று தடவை கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தார். நான்காவது தடவை மனைவி பவளம் குளியலறைக் கதவைத் தட்டி, "தோல உரிச்சிறாதீங்க" என்றாள். அவளுக்கு வாசம் தெரியும். டீசலும் மருந்தும் கலந்த அந்த இனிப்பு வாசம், கழுத்து மடிப்பில் உட்கார்ந்துகொள்ளும், காதுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்ளும், வேலை முடித்து வீட்டுக்குள் நுழைந்தால் அவள் பேசாமல் ஜன்னலைத் திறப்பாள். சிஸ்டருக்குத் தெரியுமா. வார்டில் மூக்கை வைத்தே புண் எப்படியிருக்கிறது என்று சொல்லிவிடுவாராம், அவரே சொல்லியிருக்கிறார், கட்டைப் பிரிக்கவே வேண்டாம், வாசலில் நின்றாலே தெரியும் என்று. இப்போது காற்று எந்தப் பக்கம். கடலிலிருந்து வருகிறது, அதாவது முன்னாலிருந்து, அதாவது அவர் மேல் பட்டு நேரே சிஸ்டர் மூக்குக்கு. நாகலிங்கம் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டார். சட்டை புதிது, காலணி வேறு, வேலைக்குப் போடுகிற பூட்ஸ் வீட்டு வாசலில் கிடக்கிறது, அதன் அடியில் ஐந்தாம் பகுதி மண் ஒட்டியிருக்கிறது. இல்லை. பூட்ஸை நினைக்க வேண்டாம். "வலது பக்கம், தாளக்காரி ஒண்ணு." ஒரு பூவின் மேல் உட்கார்ந்து இறக்கையை மூடித் திறந்து மூடித் திறந்து, யாருக்கோ தாளம் போடுகிற மாதிரி. இறக்கையில் நான்கு கண், மயில் கண். பார்க்கிற மாதிரியே இருந்தது. "உயிரோட இருக்கிறதப் பார்த்தா ஒரு சந்தோஷம்தான்" என்றார் சிஸ்டர். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். உயிரோடு இருப்பதை என்று ஏன் சொல்ல வேண்டும். அழகாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். தெரிந்து சொல்கிறாரா. தெரிந்திருந்தால் இந்நேரம் நேரே கேட்டிருப்பார், அவர் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. நாகலிங்கத்துக்குத் தீவில் மராமத்து வேலை என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அதுவும் பொய்யில்லை. குழாய் உடைந்தால் ஓடுகிறார், சாக்கடையில் தேங்கிய நீரை வடிக்கிறார், பூத்தொட்டித் தட்டைக் கவிழ்க்கிறார், மாதத்தில் இருபது நாள் அதுதான் வேலை. மீதி நாளில் தோளில் கொசுப்புகை மெஷினை மாட்டினால் அதற்கு என்ன பெயர் சொல்வது, யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, ஒருவர் கேட்காததைச் சொல்லாமலிருப்பது பொய்யா.

நான்காம் பகுதி. நான்கில் எப்போதும் நிழல், எண்ணுவதற்கு அதிகமிருக்காது, மனது ஓடுகிற இடம். பவளத்துக்கு டெங்கி வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள், ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கி இறங்கி ஒன்பதாயிரத்துக்கு வந்து நின்றன, ஈறிலிருந்து ரத்தம், தலையணை உறையில் ரத்தம். ஐந்தாம் நாள் அதிகாரிகள் அடுக்குமாடி புளோக்கில் வீடு வீடாக வந்து பார்த்தார்கள், அவர் வீட்டு வாசலில், நடைபாதையில், அவரே தண்ணீர் ஊற்றி வளர்த்த மணிபிளாண்ட் தொட்டியின் தட்டில் கொசுப்புழு நெளிந்தது. பதினைந்து வருஷம் ஊரார் வீட்டுத் தட்டையெல்லாம் கவிழ்த்தவரின் வாசலில். அந்த அதிகாரிப் பெண் டார்ச் அடித்துக் காட்டினாள், பார்த்தீர்களா அங்கிள் என்றாள், பார்த்தேன் என்றார். அதற்குப் பிறகு அவருக்குப் புகை அடிப்பதில் ஒரு குறையும் தோன்றியதில்லை. அடிக்க வேண்டிய இடத்தில் அடித்துத்தான் ஆக வேண்டும். அடிக்க வேண்டிய இடம் என்பது எது. ஆள் காய்ச்சலில் விழுந்த இடம், கொசு பறக்கிற இடம், தண்ணீரைத் தேடிக் கொட்டிய பிறகும் அடங்காத இடம். பயிற்சியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், புகை கடைசி என்று. இந்தச் சரிவில் யாரும் விழவில்லை. இந்தச் சரிவில் அவர் வைத்த பொறிகளில் மூன்று மாதமாக ஒரு டெங்கிக் கொசு விழவில்லை, அதை அவரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஓட்டலில் கல்யாணம், புல்வெளியில் விருந்து, விருந்தாளிகளுக்கு ஒரு பூச்சிகூடக் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான். அக்டோபரில் ஒரு கல்யாணம், நவம்பரில் ஒரு கம்பெனி விருந்து, இன்றைக்குச் சாயங்காலம் மறுபடி ஒரு கல்யாணம். சூப்பர்வைசர் டான் போனில், "சும்மா ஒரு தடவ புகை காட்டிட்டு வந்துரு, ஆறே முக்காலுக்குள்ள முடிச்சிரு, கெஸ்ட் எழுந்திருக்கிறதுக்குள்ள" என்றார். அடுத்த மாதம் இவருடைய வேலைக் கடிதம் புதுப்பிக்க வேண்டும், அறுபத்தொரு வயதில் வருஷத்துக்கு ஒரு கடிதம், அது டான் மேசையில் இருக்கிறது. டான் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமில்லை.

ரோஸ்லியின் முகம் வந்தது. வரக் கூடாது என்று நினைத்தால் உடனே வருகிற முகம். ரோஸ்லி இந்தச் சரிவின் தோட்டக்காரர், பத்தொன்பது வருஷம், எருக்கஞ்செடியைக் கத்தரிக்கும் முன் ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்ப்பார், கீழே வரி வரியான புழு இருந்தால் அந்தக் கிளையை விட்டுவிட்டு நூலால் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார், நாளைக்கு வந்து வெட்டிக்கொள்ளலாம், சாப்பிட்டு முடிக்கட்டும் என்று. அக்டோபரில் ஐந்து, ஆறு, ஏழாம் பகுதிகளில் எண்ணிக்கை விழுந்தது. நவம்பரில் அதைவிட விழுந்தது. நவம்பர்க் கூட்டத்தில் காரணம் என்ன என்று கேட்டார்கள். மழை என்றார் ஒருவர், மழையென்றால் மற்றப் பகுதிகளில் ஏன் விழவில்லை. ஆட்கள் மிதித்திருப்பார்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் எருக்கஞ்செடியை அளவுக்கு மேல் வெட்டிவிட்டார்கள் என்று முடிவாயிற்று, முப்பது பேர் மேசையைச் சுற்றி, நாகலிங்கம் அவர்கள் நடுவில் கையில் பிஸ்கட்டோடு. வாயில் போட்டிருந்த பிஸ்கட் கரையவேயில்லை. முதல் தேதியிலிருந்து ரோஸ்லியைத் தீவின் அந்தக் கோடியில் கார்ப்பார்க் தொட்டிகளுக்கு மாற்றிவிட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது ரோஸ்லி மலாயில் கேட்டார், "நான் இலையத் திருப்பிப் பாக்காம வெட்டினதே இல்ல, உனக்குத் தெரியுந்தான, லிங்கம்?" தெரியும் என்றார். தெரியும் என்று மட்டும் சொன்னார். பஸ் வந்தது, ரோஸ்லி ஏறிக்கொண்டார், ஜன்னல் வழியாகக் கையை ஆட்டினார், நண்பனுக்கு ஆட்டுகிற கை. "நாலுல மொத்தம் ரெண்டுதானா தம்பி?" என்று சிஸ்டர் கேட்டார். "ரெண்டுதான்." "ஏதோ யோசனையில இருக்கீங்க." "இல்ல சிஸ்டர், வெயில்." நிழலில் நின்றுகொண்டு வெயில் என்றார். சிஸ்டர் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார், வாங்கிக் குடித்தார், தண்ணீரிலும் அந்த இனிப்பு இருக்கிற மாதிரி இருந்தது.

ஐந்து என்று வெள்ளைச் சாயத்தில் எழுதிய கம்பம் வந்தது. புல்வெளியில் வெள்ளைக் கூடாரம் எழுந்திருந்தது, ஆட்கள் நாற்காலிகளுக்கு நாடா கட்டினார்கள், கட்டுக் கட்டாகப் பூ இறங்கியது, எல்லாம் வெட்டின பூ, ஒரு தேனீகூட அதன் பக்கம் போகவில்லை. அவர் பெட்டிக்குள் பார்த்தார். ஐந்து மீட்டர். இரண்டரை மீட்டர். இலை இருந்தது, வெயில் இருந்தது, இட்லிப்பூ சிவப்பாகப் பூத்து நின்றது, அதன் மேல் ஒன்றுமில்லை. நடந்தார். கறிவேப்பிலைச் செடி, எலுமிச்சங்காரி முட்டை போடுகிற செடி, அதன் மேல் ஒன்றுமில்லை. ஒரு எறும்புகூட இல்லை என்பதை அவர் மட்டும் பார்த்தார், எறும்பு கணக்கில் இல்லை. நேற்றைக்கு இந்த இடத்தில்தான். மெஷின் மோட்டார் சைக்கிள் மாதிரி அலறிக்கொண்டிருந்தது, காதில் அடைப்பான், முகத்தில் மூடி, வெள்ளைப் புகை உருண்டு உருண்டு இலைக்குள் நுழைந்து மறுபக்கம் வந்தது, உலகத்தில் அவரையும் அந்த வெள்ளையையும் தவிர ஒன்றுமே இல்லாத மாதிரி, மெஷின் ஓடுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது, அது ஒரு வகையில் நிம்மதிகூட. ஏழாம் பகுதியின் கடைசியில் மெஷினை நிறுத்தினார். அடைப்பானைக் கழற்றினார். வந்த வழியே திரும்பி நடக்கும்போது கேட்டது. காய்ந்த இலைகளின் மேல் டப், டப், டப் என்று. தூறல் என்று நினைத்தார். கையை நீட்டிப் பார்த்தார், கை நனையவில்லை. மேலே பார்த்தார், வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. டப், டப். அப்புறம் கீழே பார்த்தார். புழுக்கள் கிளையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடியை விட்டுக்கொண்டிருந்தன. சுருண்டு விழுந்து, விழுந்த இடத்தில் நிமிர்ந்து, மறுபடி சுருண்டு. அவர் மிதிக்காமல் நடக்கப் பார்த்தார். இதை அடித்தவன், மிதிக்காமல் நடக்கப் பார்த்தான். அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு மாதிரி ஏதோ வயிற்றிலிருந்து வந்தது, வாயை மூடிக்கொண்டார். "அஞ்சு முடிஞ்சுது," என்றார். "ஒண்ணுமேவா?" "ஒண்ணுமே." பென்சில் ஒரு வட்டம் போட்டது. ஒரு கோட்டுக்கும் வட்டத்துக்கும் சத்தமே வேறு. "இந்த ரோஸ்லி செஞ்ச வேலையப் பாருங்க" என்றார் சிஸ்டர், கோபமில்லாமல், வருத்தமாக, "ஆளு போயி ஒரு மாசம் ஆகப்போகுது, இன்னும் செடி தேறல."

ஏதாவது சொல்ல வேண்டும். சொல் எப்போதும் போல ஓர் இடத்தில் சிக்கிக்கொண்டது, வேலியில் சேலை மாட்டிக்கொள்கிற மாதிரி, இழுத்தால் கிழியும், விட்டால் நகர முடியாது. சொன்னால் என்ன ஆகும் என்று மூன்று மாதமாகப் பார்த்துவிட்டார். டான் கடிதத்தை எடுத்து மேசை டிராயருக்குள் வைப்பார், அது முதல். அது தாங்கலாம், பவளம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பாள், மகன் ஆஸ்திரேலியாவிலிருந்து போன் பண்ணி, விடுங்க அப்பா, ஓய்வெடுங்க என்பான். ஞாயிற்றுக்கிழமை போய்விடும், அதுதான். இந்த முப்பது பேர் போய்விடுவார்கள். பள்ளியில் நான்காவதோடு நின்றவரை அங்கிள் அங்கிள் என்று சுற்றி நின்று, இது என்ன, அது என்ன என்று கேட்கிற டாக்டர்களும் வாத்தியார்களும். அவருடைய கண்ணை நம்பினவர்கள். கண் பார்த்துக்கொண்டிருந்தபோது தோள் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்தால் அந்த முகங்கள் எப்படி மாறும் என்பதை அவர் ஒவ்வொருவராகப் பார்த்திருக்கிறார், படுக்கையில், பஸ்ஸில், பல் துலக்கும்போது. லிம் ஒன்றும் சொல்ல மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதைத்தான் தாங்க முடியாது. சொல்லாவிட்டால். சொல்லாவிட்டால் ஜனவரியில் ஒரு கல்யாணம் வரும். பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு விருந்து வரும். டான் போன் பண்ணுவார், இவர் மெஷினை மாட்டுவார், ஞாயிற்றுக்கிழமை வந்து எண்ணுவார். தான் கொன்றதைத் தானே எண்ணுவார், முப்பது பேர் கை தட்டுவார்கள், ரோஸ்லி கார்ப்பார்க்கில் பிளாஸ்டிக் மாதிரி இருக்கிற செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அந்தப் பக்கமும் போக முடியாது, இந்தப் பக்கமும் போக முடியாது, பாதை மட்டும் முன்னால் போய்க்கொண்டே இருந்தது.

ஆறாம் பகுதியில் எருக்கஞ்செடிகள். பாதி நடந்திருப்பார்கள், பாதையின் நடுவில், சிமெண்டுப் பலகையின் மேல், ஆரஞ்சு நிறத்தில் ஏதோ கிடந்தது. கல்யாணப் பூவின் இதழ் காற்றில் வந்திருக்கிறது என்று நினைக்க அவர் மனது எவ்வளவோ முயன்றது. புலியாட்டக்காரன். ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு இறக்கை சிமெண்டில் ஒட்டி, மற்றது நிமிர்ந்து நடுங்கிக்கொண்டிருந்தது. கால்கள் ஆறும் காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தன. உடைந்த இறக்கை இல்லை, பறவை கொத்தினது இல்லை, பல்லி கடித்தது இல்லை, முழுசாக, புதிதாக, கருப்பு ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகூட அழியாமல். நாகலிங்கம் நின்றுவிட்டார். நிற்கக் கூடாது. சிஸ்டர் வந்து பக்கத்தில் நின்றார், குனிந்தார், முழங்கால் சொடுக்கியது. "உயிரு இருக்கு" என்றார். "இருக்கு." "பறக்கலையே. உக்காந்தும் இல்ல. இத எப்படி எழுதுறது?" அவரும் குனிந்தார். "தம்பி, எழுதவா வேணாமா? நீங்கதான சொல்லணும்." சொல்ல வேண்டியது அவர்தான். அவர் எண்ணினால் எண்ணினது, இல்லை என்றால் இல்லை. இல்லை என்று சொன்னால் ஆறிலும் ஒரு வட்டம், காற்று இதைத் தள்ளிக்கொண்டு போய்ப் புல்லில் போட்டுவிடும், பெட்டிக்கு வெளியே. சிஸ்டர் விரலை நீட்டினார், அது அவர் விரலில் ஏறப் பார்த்துச் சரிந்தது, மறுபடி ஏறப் பார்த்துச் சரிந்தது. எத்தனையோ பேரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த விரல் அது. "எழுதுங்க," என்றார் நாகலிங்கம். "ஆறுல ஒண்ணு." பென்சில் ஒரு கோடு போட்டது. "சிஸ்டர், நான்தான் அடிச்சேன்."

சத்தமாகச் சொன்னாரா என்று அவருக்கே தெரியவில்லை. சிஸ்டர் குனிந்தபடியே இருந்தார். "எத?" "புகை. நேத்து காலையில. அஞ்சு, ஆறு, ஏழு. எனக்கு இங்க அதுவும் வேலைதான்." இவ்வளவு நாள் நினைத்து வைத்திருந்த எந்த வார்த்தையும் அதில் இல்லை. சிஸ்டர் மெல்ல நிமிர்ந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தும் நாகலிங்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். "டெங்கிக்கா?" அந்தக் கேள்வி ஒரு கதவு, அவர் அதற்குள் ஓடிப் போயிருக்கலாம், சிஸ்டரே திறந்து பிடித்துக்கொண்டிருந்தார், டெங்கி வார்டில் எத்தனை பிள்ளைகளைத் தூக்கியிருப்பார், ஆமாம் என்றால் அப்படியே விட்டுவிடுவார். "இல்ல. கல்யாணத்துக்கு." கூடாரத்தில் யாரோ மைக்கைத் தட்டிப் பார்த்தார்கள், ஒன்று இரண்டு, ஒன்று இரண்டு. "அக்டோபர்லயும்?" "அக்டோபர்லயும். நவம்பர்லயும்." சிஸ்டர் அட்டையைப் பார்த்தார், அதில் இருந்ததையல்ல, வேறு எதையோ. "அளவுக்கு மேல வெட்டினதுன்னு நவம்பர் அட்டையில நான்தான எழுதினேன்" என்றார், "என் கையெழுத்துதான் அது. யாரும் சொல்லிக்கூட எழுதல. பார்த்த மாதிரி எழுதினேன்." அவர் குரல் வறண்டிருந்தது. திட்டுவார் என்று நாகலிங்கம் காத்திருந்தார், திட்டினால் தலையைக் குனிந்துகொள்ளலாம், அதற்கு ஓர் இடம் உண்டு. அவர் திட்டவில்லை. வார்டில் கேட்கிற மாதிரி கேட்டார், என்ன மருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், யார் சொல்லி. இவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில் சிஸ்டர் அட்டையையும் பென்சிலையும் இவர் பக்கம் நீட்டினார். "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. நீங்க எழுதுங்க." "எனக்கு இங்கிலீஷ் எழுத வராது சிஸ்டர்." "தமிழ்ல எழுதுங்க. இன்னொரு தடவ நான் பாக்காதத எழுத மாட்டேன்."

கட்டம் இரண்டு விரல் அகலம். எழுதிப் பழக்கமில்லாத கை, எழுத்து பெரிது பெரிதாக வந்தது. சனிக்கிழமை காலை ஆறு இருபது முதல் ஆறு நாற்பது வரை நான் புகை அடித்தேன் என்பதற்குள் கட்டம் முடிந்துபோய் எழுத்துக்கள் பக்கத்துக் கட்டத்துக்குள் ஏறின, வட்டங்களின் மேல் ஏறின. கொசு இல்லை. ஓட்டலில் கேட்டார்கள். அக்டோபரிலும் நவம்பரிலும் அடித்தேன். ரோஸ்லி மேல் தப்பு இல்லை. கீழே பெயரைப் போட்டார். நின்றுகொண்டு, தொடையில் அட்டையை வைத்து, வியர்வை ஒரு சொட்டு விழுந்து ரோஸ்லி என்பதில் ஒரு கால் கலைந்தது, அதை மறுபடி அழுத்தி எழுதினார். பிறகு ஏழாம் பகுதியை நடந்தார்கள். ஏழில் வட்டம். ஏழின் முடிவில் சிஸ்டர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார், "நாளைக்குக் காலையிலதான் நான் இத அனுப்பணும். அதுவரைக்கும் என் பையிலதான் இருக்கும்." இரக்கத்தில்தான் சொன்னார். நாளைக் காலை வரை. இருபத்தோரு மணி நேரம். அதற்குள் ஒரு போன் செய்து, சிஸ்டர், அந்தத் தாளை மட்டும் என்று ஆரம்பித்தால் போதும், அவர் மேலே பேச விட மாட்டார், புரிந்துகொள்வார். மூன்று மாதமாகத் தேடிய சந்து, இதோ அகலமாகத் திறந்திருந்தது, அதற்குள் பார்த்தபோது ஜனவரிக் கல்யாணம் தெரிந்தது, பிப்ரவரி விருந்து தெரிந்தது. அவர் போனை எடுத்தார். அட்டையைப் படம் எடுத்தார், முதல் படம் கலங்கலாக வந்தது, இரண்டாவது தெளிவாக வந்தது, முப்பத்திரண்டு பேர் இருக்கிற குழுவில் போட்டார். ஒரு குறி, இரண்டு குறி.

பதில் உடனே வந்தது. சிஸ்டர்தான் எட்டிப் பார்த்துப் படித்துச் சொன்னார். கேக் படம் போட்ட ஒரு பெண்ணிடமிருந்து, அங்கிள், அழகான கையெழுத்து, என்ன எழுதியிருக்கீங்க, எங்களுக்குத் தமிழ் தெரியாதே, என்று, கூடவே ஒரு சிரித்த முகம். இன்னொருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். முப்பத்திரண்டு பேரில் தமிழ் படிக்கிறவர்கள் இவரும் சிஸ்டரும்தான். அது எழுதும்போதே தெரியாதா அவருக்கு. தெரிந்தே இருந்தது, எங்கோ அடியில், தட்டின் அடியில் தண்ணீர் மாதிரி. சொல்லியும் விட்டேன், யாருக்கும் கேட்கவும் இல்லை. சிஸ்டர் மொழிபெயர்த்துப் போடட்டும் என்று விட்டுவிடலாம். சிஸ்டர் தன் போனைக் கையில் எடுத்திருந்தார், கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். "இருங்க சிஸ்டர்" என்றார். மைக் படத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார், வினாடி ஓட ஆரம்பித்தது, ஒன்று, இரண்டு, வாய் திறக்கவில்லை, மூன்று. "ஹலோ. திஸ் நாகலிங்கம்," என்றார். "யெஸ்டர்டே மார்னிங் ஐ ஸ்ப்ரே. செக்‌ஷன் ஃபைவ், சிக்ஸ், செவன். அக்டோபர் ஆல்சோ. நவம்பர் ஆல்சோ. நாட் ரோஸ்லி. ரோஸ்லி கட்டிங், நோ ராங்." இன்னும் ஏதோ சொல்ல இருந்தது, மன்னிப்பு என்பதற்கான வார்த்தை அவருக்குத் தெரியும், சாரி, கடைக்காரனிடம் சொல்வது, பஸ்ஸில் காலை மிதித்தால் சொல்வது. அதைச் சொல்லவில்லை. "மீ," என்றார். விரலை எடுத்தார். போய்விட்டது. திரையில் அதன் நீளம் தெரிந்தது, பத்தொன்பது வினாடி. அவ்வளவுதானா.

சிஸ்டர் அட்டையை வாங்கிக்கொண்டார். "எட்டு பாக்கி இருக்கு தம்பி," என்றார், "நடங்க." பாதை கடற்கரைக்கு இறங்கியது, தூரத்தில் கப்பல்கள் வரிசையாக நின்றன, ஒன்றும் நகரவில்லை. அவர் நடந்தார். கண் பெட்டிக்குள்தான் இருந்தது, எதுவும் பதியவில்லை. பாக்கெட்டில் போன் அதிர்ந்தது, நின்றது, அதிர்ந்தது. பிறகு ஒரேயடியாக மணி அடிக்க ஆரம்பித்தது. எடுத்துப் பார்த்தார். டாக்டர் லிம். "முடிச்சிட்டுப் பேசிக்கலாம், வைங்க" என்றார் சிஸ்டர், அவர் தோளை லேசாகத் தொட்டு. மெஷின் மாட்டுகிற தோள் அது. "இல்ல சிஸ்டர், பேசிர்றேன்" என்று சொல்லிவிட்டு, எட்டாம் பகுதியின் நடுவில், வெயிலில் நின்று, போனைக் காதில் வைத்தார்.